கம்பவுண்டர் வீட்டுக் கிளியின் பத்தியம்

யாரைப் பார்த்தாலும் "சௌக்கியமா?" என்று கேட்பதுதான் எங்கும் வழக்கம். அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. "என்ன சாப்பிட்டீங்க?" என்பார். சொன்னால், "எவ்வளவு?" என்பார். அதையும் சொன்னால் நம் முகத்தை ஒரு தரம், வயிற்றை ஒரு தரம் பார்த்துவிட்டு, "கொஞ்சம் குறைக்கலாம்" என்பார். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து எழுந்த மாப்பிள்ளையிடமே இதைச் சொன்னவர்.

பிள்ளைகளா, அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஸ்ரீரங்கத்தில் அந்தத் தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுக்கும் வேலை அவருக்கு. அதனால் கம்பவுண்டர். எங்களுக்குக் கம்பவுண்டர் சார், எதிர்வீட்டு மாமிக்குக் கம்பவுண்டர்வாள். ஐம்பதுகளின் கடைசியில் நான் அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தபோது, அவர் வீட்டின் பின்போர்ஷனில்தான் குடியிருந்தேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரு ஸ்டவ், ஒரு சைக்கிள், ஒரு பாய். அவ்வளவுதான் என் குடும்பம்.

அந்தக் காலத்தில் காய்ச்சல் என்றால் அட்டை மாத்திரை கிடையாது. வீட்டிலிருந்து காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ரோஸ் நிறத்தில் மிக்ஸ்சர் ஊற்றிக் கொடுப்பார்கள். பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு காகிதத் துண்டை ரம்பத்தின் பல் மாதிரி வெட்டி ஒட்டியிருப்பார்கள். ஒரு பல் என்றால் ஒரு வேளை மருந்து. இந்தக் காகிதம் வெட்டுவதில் எங்கள் கம்பவுண்டரை அடிக்க ஆள் கிடையாது. அளவே பார்க்காமல் கத்தரிப்பார், எல்லாப் பல்லும் ஒரே அளவாக விழும்.

டிஸ்பென்சரியோடு விட்டிருந்தால் சரி. வீட்டு நெய் ஜாடியிலும் பல் ஒட்டியிருந்தார். நல்லெண்ணெய் பாட்டிலில் பல். ஊறுகாய் ஜாடியில் பல். அவர் சம்சாரத்தை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா ஒருநாள் என்னிடம், "இந்த மனுஷன் தூங்கறப்போ நெத்தியில ஒரு காகிதம் ஒட்டிவிடலாம்னு இருக்கேன், தம்பி. பேச்சு ஒரு வேளைக்கு ஒரு பல்லுக்கு மேல வரக்கூடாது" என்றார்.

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கேக்கணும்னுதான் சொல்றேன்" என்றார் அக்கா.

இப்படிப்பட்டவரின் கையில்தான் அந்தக் கிளி வந்து மாட்டிக்கொண்டது. (இப்போது கிளியைப் பிடித்துக் கூண்டில் வைத்தால் சட்டப்படி குற்றம். நீங்கள் யாரும் ஆசைப்படாதீர்கள். அப்போது அந்தச் சட்டம் இல்லை.) தென்னூரில் ஒரு மிட்டாய்க் கடைக்காரர் ஊரை விட்டுப் போகும்போது, தன் காய்ச்சலைத் தீர்த்து வைத்தவர் என்ற மரியாதைக்காகக் கூண்டோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். பூந்தியும் ஜிலேபியும் தின்று வளர்ந்த கிளி. கிளி என்று சொன்னால்தான் கிளி என்று தெரியும். பச்சை நிறத்தில் ஒரு கத்தரிக்காயைக் கம்பியில் உட்கார வைத்த மாதிரி இருந்தது. கடையில் வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அதற்கு ஒரே ஒரு பேச்சுதான் வரும்: "இன்னும் கொஞ்சம் போடு!"

அக்கா அதற்குக் கோதை என்று பெயர் வைத்தார். கம்பவுண்டர் அதைப் பேஷண்ட் என்றுதான் சொல்வார்.

பேஷண்டுக்கு என்ன கொடுக்கலாம் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி செய்கிற ஆள் இல்லை அவர். கிளிக்கு என்ன நல்லது என்று கிளியிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். கொள்ளிடக் கரையில் ஒரு தோப்பு இருந்தது. தென்னையும் கொய்யாவும். விடிந்ததும் அங்கே போய், ஒரு நோட்டையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். நான்கு நாள் பொறுத்த தோப்புக் காவல்காரர் ஐந்தாம் நாள் கம்போடு வந்தார்.

"யாருய்யா நீ? நாலு நாளா மரத்தையே பார்த்துக்கிட்டு இருக்கே?"

"கிளி பார்க்கறேங்க."

"கிளியைப் பார்க்க நோட்டு எதுக்கு?"

"அது என்ன சாப்பிடுதுன்னு எழுதிக்கறேங்க."

"என் கொய்யாவைத்தான் சாப்பிடுது! அதை நோட்டுல எழுதித்தான் தெரிஞ்சுக்கணுமா?"

அந்த நோட்டை எனக்குக் காட்டியிருக்கிறார். "காலை. கொய்யா. பாதி தின்றது. மீதியை என் தலையில் போட்டது." அடுத்த வரி: "கோவைப்பழம். முழுவதும் தின்றது." அதற்கு அடுத்தது: "புல் விதை. வேப்பம்பழம். முருங்கைப் பூ. பிறகு சண்டை." பக்கம் பக்கமாக இப்படி. இதையெல்லாம் பார்த்து அவர் கண்டுபிடித்த விஷயம் ஒன்று உண்டு. அதை எனக்கு அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார்.

"பார்த்தீங்களா தம்பி, எந்தக் கிளியும் ஒண்ணையே உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கலை. இதுல கொஞ்சம், அதுல கொஞ்சம். நடுவுல பறக்குது, கத்துது, சண்டை போடுது. அப்புறம் மறுபடியும் இதுல கொஞ்சம். யாரும் அதுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கலை. தானாவே பத்தியம் இருக்கு!"

பேஷண்டுக்குச் சீட்டு எழுதிச் சுவரில் ஒட்டினார். காலையில் முளைகட்டின பச்சைப்பயறு அரை அவுன்ஸ், அவுன்ஸ் கிளாஸில் அளந்து. ஒரு கொத்து முருங்கைக்கீரை. வெயில் ஏறினால் கொய்யாத் துண்டோ கோவைப்பழமோ. சாயங்காலம் தினையும் கம்பும் கலந்து இரண்டு ஸ்பூன். ஒரு பச்சை மிளகாய். நிலக்கடலை ஆசைக்கு இரண்டே இரண்டு, வெள்ளிக்கிழமை மட்டும். மூக்கைத் தேய்த்துக்கொள்ளவும் எலும்பு பலப்படவும் நாட்டுமருந்துக் கடையிலிருந்து கடல்நுரை வாங்கிக் கம்பியில் கட்டினார். கடல்நுரை என்றால் நுரை இல்லை, கணவாய் மீனின் ஓடு. உப்பு, சர்க்கரை, எண்ணெய், காப்பி கூடவே கூடாது என்று சீட்டின் அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். தண்ணீர்க் கிண்ணத்திலும் காகிதப் பல் ஒட்டினார். கோதை முதல் வேலையாக அந்தக் காகிதத்தைத்தான் தின்றது.

ஒவ்வொரு வேளையும் தின்று முடித்ததும் கிளி கழுத்தை நீட்டும். "இன்னும் கொஞ்சம் போடு!"

"நாளைக்கு" என்பார் இவர்.

"இன்னும் கொஞ்சம் போடு!"

"சீட்டைப் பாரு." கிளி சீட்டைப் பார்க்காது. கிண்ணத்தைக் கவிழ்க்கும்.

ஞாயிற்றுக்கிழமை எடை போடுவது ஒரு திருவிழா. காய்கறிக்காரரிடம் தராசை இரவல் வாங்கி, கோதையை மஞ்சள் பையில் போட்டுத் தலை மட்டும் வெளியே நீட்ட, ஒரு தட்டில் வைப்பார். வந்த அன்று ஐந்து பலம் இருந்தது (ஒரு பலம் என்றால் இப்போதைய கணக்கில் சுமார் முப்பத்தைந்து கிராம்). நாலு பலத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒரு மாதம் கழித்து ஐந்தே கால். இரண்டாவது மாதம் ஐந்தரை. தராசைத் திருப்பி வைத்துப் பார்த்தார். பையைக் கழற்றிப் பார்த்தார். காய்கறிக்காரர், "சார், எல்லாரும் என் தராசுல எடை குறையுதுன்னுதான் சண்டைக்கு வருவாங்க, கூடுதுன்னு வர்ற முதல் ஆள் நீங்கதான்" என்றார்.

கம்பவுண்டர் அக்காவைச் சந்தேகப்பட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தேன்.

பட்டறை லீவு அன்று அவரும் லீவு போட்டுவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டுபோய் உள்ளே ஜன்னல் கதவுக்குப் பின்னால் நிற்க வைத்தார். நோட்டும் கையுமாகக் காவல். கூண்டு வாசல் நடையில் தொங்கியது. கோயிலிலிருந்து ஜனங்கள் திரும்புகிற நேரம். முதலில் எதிர்வீட்டு மாமி வந்தார். தூக்கைத் திறந்து சக்கரைப் பொங்கலில் ஒரு உருண்டை எடுத்து, நெய் சொட்டச் சொட்டக் கம்பிக்குள் நீட்டினார்.

"சமத்து! பெருமாள் பிரசாதம், ஒரு வாய்தான். கம்பவுண்டர்வாள் வர்றதுக்குள்ள முழுங்கிடு."

அப்புறம் ஒருவர் புளியோதரை. ஒரு அம்மா வடையின் ஓரம். ஒரு தாத்தா அக்காரவடிசலை விரலாலேயே ஊட்டினார். எல்லாரும் சொல்லி வைத்த மாதிரி "ஒரு வாய்தான்" என்றார்கள். ஸ்ரீரங்கத்தில் கிளி என்றால் வெறும் கிளியா? ஆண்டாள் கையில் உட்கார்ந்திருக்கிற ஜாதி அது. பேரும் கோதை. அதற்குக் கொடுக்காமல் வீட்டுக்குப் போக யாருக்கு மனசு வரும்? பதினாலு பேர். கம்பவுண்டர் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கோடு போட்டார்.

கூட்டம் ஓய்ந்து நாங்கள் வெளியே வந்தோம். என்னைப் பார்த்ததும் கோதை தத்தித் தத்திக் கம்பி ஓரத்துக்கு வந்து, ஒரு காலை வெளியே நீட்டி, உரிமையோடு சொன்னது: "இன்னும் கொஞ்சம் போடு!"

தினமும் பட்டறையிலிருந்து வரும்போது நான் ஒரு ஆமவடை வாங்கி வருவேன். அதில் பாதி யாருக்குப் போனது என்று இனிமேல் மறைத்துப் பிரயோஜனம் இல்லை. கம்பவுண்டர் என்னைத் திட்டவில்லை. நோட்டைத் திறந்து பதினைந்தாவது கோடு போட்டார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் கூண்டின்மேல் ஒரு அட்டை தொங்கியது: "பேஷண்ட் பத்தியத்தில் இருக்கிறது. பலகாரம் தர வேண்டாம்." மாமி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"பலகாரம்தானே வேண்டாம்னு போட்டிருக்கேள்? இது பிரசாதமாச்சே."

"அதுலயும் நெய் இருக்கே மாமி. வெல்லம் இருக்கு. கிளிக்கு ஒத்துக்காது."

"பெருமாளுக்கு ஒத்துக்கறது, கிளிக்கு ஒத்துக்காதா?"

"பெருமாள் பார்க்கத்தானே செய்யறார் மாமி, முழுங்கறதில்லையே" என்று இவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். தெருவே கூடிவிட்டது. பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் அந்த ஊரிலேயே கிடையாது. கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட வேண்டும், அதுதான் முறை. அந்தப் பேச்சுக்கு அவர் மூன்று பேரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அட்டையை அவரே கழற்றினார். மறுநாளிலிருந்து ஜனங்கள் ஒளிந்து கொடுக்காமல் உரிமையோடு கொடுத்தார்கள்.

அடுத்து வந்தது மார்கழி. வீட்டுக்கு வீடு காலையில் பொங்கல். மாதம் பிறந்து ஐந்தாறு நாள் இருக்கும், ஒரு காலையில் கூண்டுக்குள் தொப்பென்று சத்தம் கேட்டது. கோதை கம்பியிலிருந்து விழுந்து, வாயைத் திறந்தபடி, மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. கம்பவுண்டர் அதைக் கையில் எடுத்தார். எந்தக் குழந்தைக்கு எவ்வளவு காய்ச்சல் அடித்தாலும் நிதானமாக மருந்து ஊற்றுகிற ஆள், அன்றைக்குக் கூடை கொண்டுவா என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

கூடையில் துணி விரித்து, கிளியைப் படுக்க வைத்து, திருச்சியில் மாட்டாஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கொண்டுபோனோம். எங்களுக்கு முன்னால் இரண்டு எருமை, ஒரு காளை. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன சாப்பிடுது?" என்று கேட்டார்.

வாழ்நாள் முழுக்க மற்றவர்களைக் கேட்ட கேள்வி! இவர் தலையைக் குனிந்துகொண்டு சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். டாக்டர் படித்தார்.

"பேஷான சாப்பாடு. இதைச் சாப்பிட்டா நானே இளைச்சிருப்பேன். நிஜமா என்ன சாப்பிடுது?"

"பொங்கல்ங்க" என்றார் இவர், கேட்டும் கேட்காத குரலில். "சக்கரைப் பொங்கல், வெண்பொங்கல், புளியோதரை, வடை..."

"ஆமவடை" என்றேன் நான்.

டாக்டர் கிளியின் வயிற்றை ஒரு விரலால் தடவிப் பார்த்தார். "ஈரல்ல கொழுப்பு வெச்சிருக்கு. நீங்க எழுதியிருக்கற இதையே கொடுத்தா தேறிடும். இன்னும் ஒரு மாசம் இப்படியே பொங்கல் போட்டா தங்காது. மருந்து எதுவும் எழுதலை. வாயைக் கட்டுங்க."

திரும்பி வருகிற பஸ்ஸில், பக்கத்தில் ஒரு தடித்த மனிதர் முறுக்கு தின்றுகொண்டு வந்தார். கம்பவுண்டர் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூடையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டு வாசலில் மாமி தூக்கோடு காத்திருந்தார். "கொழந்தைக்கு உடம்பு சரியில்லையாமே! ரெண்டு வாய் பிரசாதம் போட்டா எல்லாம் சரியாயிடும்."

கம்பவுண்டர் கூடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அப்போதுதான் அக்கா உள்ளேயிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"போடக்கூடாது மாமி. கோதை இன்னிலேருந்து நோன்பு."

"யாரு? கிளியா?"

"ஆமாம் மாமி. விடியக்காலம் என் கனவுல வந்து சொன்னா. தை பொறக்கற வரைக்கும் நெய், வெல்லம், எண்ணெய் எதையும் தொடமாட்டாளாம். பழமும் பயறும் கீரையும்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "என்ன பாக்கியம் பண்ணியிருக்கேள்! நான் ஒரு பாவி, நோன்பு இருக்கறவ வாயில நெய்யைத் திணிக்கப் பார்த்தேனே!"

சாயங்காலத்துக்குள் தெரு பூராவும் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் கோவைப்பழம், கொய்யா, முளைப்பயறு, கட்டுக் கட்டாக முருங்கைக்கீரை! பதினாலு வீட்டுக் கீரையையும் ஒரு கிளி தின்ன முடியுமா? கோதைக்கு அளந்து வைத்தது போக மிச்சத்தை நாங்கள் தின்றோம். கீரை வதக்கல், கீரைக் குழம்பு, கீரை அடை. பட்டறையில் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் பக்கத்து லேத்துக்காரன், "ஆடு வளர்க்கறியா?" என்பான்.

பிரசாதம் நின்றது. ஆனால் மாமி ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போனார். "கொழந்தை நோன்பு இருக்கச்சே, ஆத்துல பெரியவா எண்ணெய்ப் பண்டம் சாப்பிடலாமோ? கம்பவுண்டர்வாளும் கூட இருக்கணும். அப்பத்தான் பலிக்கும்." தெரு மொத்தமும் ஆமாம் ஆமாம் என்றது.

அந்த நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தபிறகுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. ஊருக்கெல்லாம் "கொஞ்சம் குறைக்கலாம்" சொல்கிற மனுஷர், தினமும் சாயங்காலம் டிஸ்பென்சரியிலிருந்து வரும் வழியில் ஒதுங்கி நின்று நாலு வாழைக்காய் பஜ்ஜி தின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாராம். இருபத்தைந்து வருஷப் பழக்கமாம். அக்காவுக்கும் தெரியுமாம். "வேட்டி முனையில எண்ணெய்க் கறை. நான்தானே துவைக்கறேன்?" என்றார்.

முதல் நாள் பஜ்ஜிக் கடைக்காரர், "சார், வீட்டுல கிளி நோன்பு இருக்கு, நீங்க பஜ்ஜி கேக்கறீங்களே!" என்று ஜல்லிக்கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். மூன்றாவது நாள் திருவானைக்காவல் போனார். அங்கேயும் செய்தி போயிருந்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆற்றைத் தாண்டித் தென்னூருக்கே போய்விட்டார். ஒரு பாய் கடை. பழைய மிட்டாய்க் கடைக்குப் பக்கத்துக் கடை. நானும் கூடப் போயிருந்தேன்.

பாய் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கிளி வெச்சிருக்கறவர்தானே? நம்ம பக்கத்துக் கடைக் கிளி."

"ஆமாங்க. நாலு பஜ்ஜி."

"அது நோம்பு இருக்குன்னு கேள்விப்பட்டேனே. நீங்களும் கூடவாமே?"

"யாருங்க சொன்னது?"

"ரங்கத்துலேருந்து வர்ற பால்காரர். சார், ரமலான்ல முப்பது நாள் எச்சில் முழுங்காம இந்த அடுப்பு முன்னாடி நின்னு பஜ்ஜி போடறவன் நான். நோம்புன்னா என்னன்னு தெரியும். அதை முறிக்க என் கையால எண்ணெய் ஊத்தமாட்டேன். உக்காருங்க, ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்க."

அந்த வாழைப்பழத்தை அவர் தின்ற மாதிரி யாரும் எதையும் தின்று நான் பார்த்ததில்லை. பஜ்ஜியில் உள்ளது வாழைக்காய்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு கடியாக, கண்ணை மூடிக்கொண்டு.

கோதை தேறியது. மூச்சு வாங்குவது முதலில் நின்றது. பிறகு கம்பியில் ஏறியது. பிறகு கூண்டுக்குள்ளேயே தலைகீழாகத் தொங்கி வித்தை காட்டியது. தை முதல் தேதிக்கு முந்தின ஞாயிறு நாலேகால் பலம். மங்கிப் போயிருந்த இறகு புது வாழையிலை மாதிரி பளபளத்தது. இவருடைய வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது.

தைப் பொங்கலன்று காலையில் தெருவே எங்கள் வாசலில் நின்றது. நோன்பு முடிகிறதே! ஆளுக்கொரு பாத்திரம். முந்திரி மிதக்கிற சக்கரைப் பொங்கல். மாமி முதல் வரிசையில். "முதல் வாய் நான்தான் ஊட்டுவேன்" என்று முந்தின நாளே சொல்லி வைத்திருந்தார். உள்ளே அக்கா, பாவம் மனுஷன் இத்தனை நாள் பொறுத்தாரே என்று, எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றி வாழைக்காயைச் சீவிக்கொண்டிருந்தார். முதல் ஈடு சொய்ங் என்று விழுந்தது. வாசனை வாசல் வரைக்கும் வந்தது.

கம்பவுண்டர் புது வேட்டி கட்டிக்கொண்டு கூண்டுக்கும் ஜனங்களுக்கும் நடுவில் நின்றார். ஒரு பக்கம் பதினாலு பாத்திரம். ஒரு பக்கம் கோதை. பின்னால் பஜ்ஜி வாசனை. நோன்பு முடிந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவருக்குப் பஜ்ஜி. அதே வார்த்தையில் கோதைக்குத் தினம் பதினாலு வாய் பொங்கல்.

"மாமி" என்றார். "கோதை ராத்திரி என் கனவுல வந்தா."

"என்ன சொன்னா?"

மூக்கை ஒரு தரம் உறிஞ்சினார். அது அழுகைக்கா, வாசனைக்கா என்று எனக்குத் தெரியாது.

"நோன்பை ஒரு மண்டலத்துக்கு நீட்டிச்சுட்டாளாம்."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றுபோனது. மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்தப் பொங்கலை எல்லாம் நானும் தெருப் பிள்ளைகளும் தின்றோம். பஜ்ஜியையும்தான். நாற்பத்தெட்டு நாள் முடிந்து எல்லாரும் மறுபடி வந்து நின்றார்கள். கோதை மறுபடி அவர் கனவில் வந்தாள். எனக்குக் கல்யாணமாகி அந்த வீட்டைக் காலி செய்கிற வரைக்கும், ஏழு வருஷம், ஒவ்வொரு மண்டலத்துக்கும் தவறாமல் வந்தாள். ஏழு வருஷமும் அவர் வாயில் எண்ணெய்ப் பண்டம் படவில்லை. அவர் நினைத்திருந்தால் ஏமாற்றியிருக்கலாம். திருச்சி எவ்வளவு பெரிய ஊர்! கேட்டால், "சொல்லிட்டேனே தம்பி" என்பார்.

நான் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த அன்று அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கம்பவுண்டர் கோதைக்குப் பயறு அளந்துகொண்டிருந்தார்.

"ஏங்க, உங்களை ஒண்ணு கேக்கணும்" என்றார் அக்கா. "ஒரு கிளிக்காக ஏழு வருஷமா வாயைக் கட்டியிருக்கீங்க. எனக்காக என்னிக்காவது ஒரு வேளை விட்டுக்கொடுத்திருக்கீங்களா?"

அவர் அவுன்ஸ் கிளாஸைக் கீழே வைத்தார். அக்காவை மேலும் கீழும் நன்றாகப் பார்த்தார். பிறகு, உண்மையான வருத்தத்தோடு சொன்னார்:

"உனக்கு எடை ஏறவே இல்லையே."

அக்கா ஆய்ந்த கீரை மொத்தமும் அவர் தலையில் விழுந்தது. கோதைக்குத்தான் கொண்டாட்டம்.